பூஜ்ஜியத்துக்குக் கீழே

பாடக்குறிப்பேட்டில் இன்றைய தேதிக்கு நேராக
நேற்றிரவே எழுதியாயிற்று:
வகுப்பு இரண்டு. கணக்கு. இருபதுக்குள் கழித்தல்.
செயல்பாடு: மீன்சந்தை. நாற்பது நிமிடம்.
துணைக்கருவி: இலைகள்.

அருமனையிலிருந்து மூன்று பஸ் மாறி
கோடிமுனைக்கு வருகிறவள் நான்.
ரப்பர் மரம் எண்ணத் தெரியும்.
மீன் தெரியாது.
ஒரு பூவரசிலையைத் தூக்கி
"இது அயிலை" என்றதும்
முன்வரிசை முழுக்க உருண்டு சிரித்தது.
"டீச்சரே, அது கிளாத்தி.
வாதாமர எலைதான் பாரை.
புளிய எலைய உதுத்தா நெத்தோலி.
அயிலைக்கு நம்ம ஸ்கூல்ல மரமே இல்ல."

பெஞ்சுகள் கவிழ்ந்து வள்ளங்களாயின.
ஜெர்பின் கயிறு இழுத்த இழுப்பில் எஞ்சின் உறுமி
பக்கத்து வகுப்பின் ஏழாம் வாய்ப்பாடு
பாதியில் நின்றது.
கரும்பலகை துடைக்கிற துணியைத்
துவர்த்தாகத் தோளில் போட்டு
அபிஷா ஏலம் விட்டாள்.
"நாநூறு நாநூறு நாநூறு
நாநூத்தம்பது
ஐநூறு ஒரு தரம்..."
இருபதுக்குள் என்று நான் சொன்னது
யார் காதிலும் ஏறவில்லை.

சருவத்தை இடுப்பில் இடுக்கியபடி
கதவோரம் வந்து நின்றாள் ஸ்டெபினின் அம்மா.
"வெளையாடவா பிள்ளைய விடுகோம்?
வாற வருசம் இங்கிலீஷ் மீடியத்துல..."
வாக்கியம் அங்கேயே கிடக்க
உள்ளே எட்டிப் பார்த்து அதட்டினாள்:
"லேய், நூத்துக்கு அஞ்சு
ஏலக்காரிக்குப் போவும்லா?
அத எவன் கழிப்பான்?"

கழித்தார்கள்.
கைவிரல் போதாமல் ஒருத்தன்
காலை நீட்டி உட்கார்ந்து கழித்தான்.
நானும் ஒருமுறை தப்பாகக் கழித்துத் திருத்திக்கொண்டேன்.

கடைசியாய்க் கரை பிடித்தது ஸ்டெபினின் பெஞ்சு.
உள்ளே ஓர் இலையும் இல்லை.
"பொறக்க மறந்துட்டியா?"
"மறக்கல டீச்சரே.
மடியில ஒண்ணும் படல."

அடுத்த வாரப் பாடம் தானாக வந்து
கையில் விழுந்த சந்தோஷம் எனக்கு.
சாக்பீஸ் எடுத்துப் பெரிதாக
ஒரு வட்டம் போட்டேன்.
"இதுக்குப் பேரு..."
அபிஷா முடிக்க விடவில்லை.

"டீசலுக்கு எவ்வளவு?"
"ஆயிரம்."
"ஐஸுக்கு?"
"எரநூறு."
"பின்ன எப்பிடி ஒண்ணும் இல்லாம ஆவும்?
ஒண்ணும் இல்லாததுலயும் கொறையுதே."

என் வட்டத்துக்குக் கீழே
நூறுக்கு ஒன்றாகக் கோடு கிழித்தாள்.
பத்தாவதில் பலகை முடிந்தது.
மீதி இரண்டைத் தரையில் கிழித்தாள்.

அந்த எண்கள் ஆறாம் வகுப்பில் வரும்.
அவற்றுக்கொரு பெயரும் குறியும் உண்டு.
நான் சொல்லவில்லை.
ஸ்டெபினின் அம்மா சருவத்தை
இடுப்பின் மறுபக்கம் மாற்றிக்கொண்டு
கொடிக்கம்பத்தைப் பார்த்தாள்.

அப்போது ஜெர்பின் எழுந்து வந்து
மூன்று பாரையை அவன் பெஞ்சுக்குள் போட்டான்.
"வெள்ளிக்கிழமைக்குள்ள தரணும், கேட்டியா?"
தரைக்கோடு இரண்டையும் அபிஷா
காலால் தேய்த்தாள்.
பலகையில் ஒன்றைத் துவர்த்தால்.
ஒன்பது நிற்கும்போது
மணி அடித்தது.

கற்றல் விளைவு என்ற கட்டத்தில்
அரை வரிக்குத்தான் இடம்.
"இருபதுக்குள் கழித்தனர்" என்று எழுதினேன்.
பன்னிரண்டில் மூன்று. பொய்யில்லை.
பலகையின் மூலையில் மட்டும்
"அழிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டு
நாலரை பஸ்ஸைப் பிடித்தேன்.

காலையில் வந்து எண்ணினால் எட்டு.
வகுப்பு பெருக்குகிற மரிய லில்லி
பலகைப் பக்கமே போகவில்லை என்று
மாதா மேல் ஆணையிடுகிறாள்.
பிள்ளைகளைக் கேட்டேன்.
ஸ்டெபின் தன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

இன்றைக்குத் தமிழ். மெய்யெழுத்து.
துணைக்கருவி என்ற இடம்
இன்னும் காலியாக இருக்கிறது.